தறி ஓய்ந்த நாளில் காஞ்சி எங்கே போகிறது?

மலையேறும் வரதர், மணலில் ஊறும் தண்ணீர், விடிய விடியக் கூத்து... பாலாற்றங்கரை ஊர்களின் பொழுதுபோக்கைத் தேடி ஒரு சுற்று

பொங்கலன்று இரவு சின்ன காஞ்சிபுரத்தில் சீக்கிரம் படுப்பவர்கள் குறைவு. அன்றுதான் வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்குக் கிளம்புகிறார். அத்திகிரி மேல் நிற்கிற பெருமாளுக்கு இன்னொரு மலை எதற்கு என்று கேட்கக் கூடாது. அவருக்கும் வருடத்தில் ஒருநாள் ஊர் மாற்றம் வேண்டியிருக்கிறது. முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு சாலையில் 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெங்கும் மண்டகப்படி. தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தேங்காய்ப் பழத் தட்டோடு வாசலில் காத்திருக்கிறார்கள். பொழுது விடிந்து மாட்டுப் பொங்கல் பிறக்கும்போது பெருமாள் பாலாற்றங்கரையில் அந்தச் சின்ன மலையின் அடிவாரத்தில் இருக்கிறார்.

பார்வேட்டை என்று இதற்குப் பெயர். வேட்டையாட மிருகம் எதுவும் கிடையாது. மலைமேல் இருக்கும் மண்டபத்தில் வரதர் பகல் பொழுதைக் கழிக்கிறார். பிறகு இறங்கிவந்து, பழையசீவரம் லட்சுமி நரசிம்மரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஆற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குப் போகிறார். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் வீட்டுக்காரராகக் காத்திருக்க, சாலவாக்கத்திலிருந்து சீனிவாசரும் காவாந்தண்டலத்திலிருந்து லட்சுமி நாராயணரும் வந்து சேர்கிறார்கள். ஐந்து பெருமாள்களும் ஒரே இடத்தில். சேவித்துவிட்டு ஜனங்கள் உடனே திரும்புவதில்லை. துண்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ராட்டினம், பலூன், கரும்பு, வளையல் கடை. பாறை நிழலில் பெரியவர்கள் கண்ணயர்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால் பிள்ளைகள் அங்கே.

பட்டுப்புடவை எடுக்க வந்து காந்தி ரோட்டிலேயே சுற்றிவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வெளியூர்க்காரர்கள், “காஞ்சிபுரத்தில் கோயிலும் கடையும் தவிர வேறென்ன இருக்கிறது, பொழுது எப்படிப் போகும்?” என்று கேட்பதுண்டு. அவர்கள் பார்ப்பது கூரைக்குக் கீழே இருக்கும் காஞ்சியை மட்டும்தான். இந்த ஊரின் பொழுதுபோக்கு கூரைக்கு வெளியே இருக்கிறது. அதற்கான நாட்காட்டியை எழுதியவர் வரதர். தையில் மலை. அதே தையில் பௌர்ணமிக்கு ராஜகுளத்தில் தெப்பம். சித்திரைப் பௌர்ணமிக்குக் கிணறும் ஆற்று மணலும். சுற்றுலாத் துறை என்ற ஒன்று பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஒரு நகரத்தையே சாமியின் பெயரால் மலைக்கும் நீருக்கும் கூட்டிப்போகிற ஏற்பாடு இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

குழிக்குள் கால்

ஏன் இவ்வளவு ஆர்வமாக வெளியே போகிறார்கள் என்பது தறி வீட்டுக்குள் நுழைந்தால் விளங்கும். குழித்தறியில் நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கியிருப்பார். மிதி அங்கே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே குளிர்ச்சி, மேலே புழுக்கம். பட்டு இழை உலர்ந்து அறுந்துவிடக் கூடாது என்பதற்காகக் காற்றையும் வெயிலையும் அளந்துதான் உள்ளே விடுவார்கள். கோர்வைச் சேலை என்றால் கரையும் உடலும் தனித்தனி நாடாவில் ஓடிப் பிணைய வேண்டும். பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பல நேரங்களில் அது மனைவி அல்லது மகள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அத்தனை நாளும் அதே குழி, அதே சுவர்.

விதிவிலக்கு, தெருவில் பாவு போடும் காலை நேரம். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துச் சீராக்குவார்கள். அக்கம்பக்கத்தார் நாலுபேர் கைகொடுக்க வருவார்கள். ஊர்க்கதை முழுக்க அங்கே பேசி முடிந்துவிடும். வேலையும் வம்பும் ஒன்றாக நடக்கிற அந்த ஒரு மணி நேரத்தைப் பொழுதுபோக்கில் சேர்ப்பதா, உழைப்பில் சேர்ப்பதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய நெசவுக் குடும்பங்களுக்கு அமாவாசை தறி ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

உலகத்தில் நெசவாளிகள் எங்கே கூட்டமாக இருந்தார்களோ அங்கெல்லாம் இப்படி ஒரு வழி பிறந்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பருத்தி ஆலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ‘வேக்ஸ் வாரம்’ என்று ஒன்று இருந்தது. ஆதியில் அது மாதாகோயில் திருவிழா. ஆலைகள் வந்ததும் ஊருக்கு ஊர் வெவ்வேறு வாரத்தில் ஆலையையே மூடிவிட்டு, ரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகிற வழக்கமாக மாறியது. அதே வட்டாரத் தொழிலாளர்கள் மலைப்பக்கம் போக ஆசைப்பட்டபோது கதை வேறாக ஆனது. மேட்டு நிலமெல்லாம் பிரபுக்களின் வேட்டைக்காடு. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் பொதுமக்கள் நடப்பதற்குமான சட்டம் அங்கே வந்தது 1949-இல்.

காஞ்சி நெசவாளிக்கு இந்தப் பாடு இருக்கவில்லை. ஆறு, ஏரி, குன்று, தோப்பு, மண்டபம் எல்லாம் யாரும் நுழையக்கூடிய இடங்களாக இருந்தன. யாரும் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் சாதிக் கணக்கு இருந்தது; எந்தக் குளத்தில் யார் இறங்கலாம், எந்த மண்டபத்தில் யார் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. இதை மறைத்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதினால் அது பொய். ஆனால் திறந்த ஆற்று மணல் ஒன்று இருந்தது. அதற்கு வாசலும் கிடையாது, காவலும் கிடையாது.

மந்தாரை இலையில் ஒரு கட்டுச்சோறு

ஒருநாள் பயணம் என்றால் கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், மாவடு எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. காஞ்சிக்கென்று இருப்பது குடலை இட்லி. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் தட்டிப் போட்டு, நெய் விட்டுக் கலக்குவார்கள். நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து மாவை ஊற்றி ஆவியில் வைத்தால் வேக இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். வெந்ததும் குடலையைக் கவிழ்த்தால் இலையோடு உருளையாக வந்து விழும். இலையை உரித்தால் அதன் நரம்பு இட்லியின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். வட்ட வட்டமாக நறுக்கித் தருவார்கள். வரதர் கோயில் பிரசாதமாகப் பேர் வாங்கிய இந்த இட்லி, சுக்கும் மிளகும் சேர்ந்ததால் சாதாரண இட்லிபோல் மறுநாளே கெட்டுப்போகாது. இன்று ஹோட்டலில் தட்டு இட்லி அளவில் சின்னக் கிண்ணத்தில் வேகவைத்து ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று தருகிறார்களே, அதைச் சாப்பிட்டுவிட்டு இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மந்தாரை இலை வாசனை இல்லாத காஞ்சிபுரம் இட்லி வெறும் மிளகு இட்லி.

பயணத்துக்கு எதை எடுத்துப்போவது என்பதில் இந்த வட்டாரத்திலேயே வேறொரு கருத்தும் உண்டு. காஞ்சிக்கு அருகே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான் பெரும் செல்வந்தர். எல்லாவற்றையும் துறந்து ராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கம் போகிற வழியில், காட்டுப்பாதையில் மனைவி ஆண்டாள் பயப்படுகிறாள். விசாரித்தால் கணவன் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு பொன் வட்டில் கொண்டுவந்திருக்கிறாள். அதை வாங்கி வீசி எறிந்துவிட்டு, இனி பயமில்லை என்று நடந்தாராம். குருபரம்பரைக் கதை இது. கேமராவும் சார்ஜரும் ட்ரோனும் சுமந்துகொண்டு மலையேறும் இளைஞர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

தண்ணீருக்குள் மண்டபம்

சித்திரைப் பௌர்ணமிக்கு வரதர் போகிற இடம் அய்யங்கார்குளம். செவிலிமேடு, தூசி என்று பாலாற்றைத் தாண்டிப் போகும் பாதை. விஜயநகரக் காலத்தில் லட்சுமி குமார தாதாச்சாரியார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய குளமும் சஞ்சீவிராயர் கோயிலும் அங்கே இருக்கின்றன. அருகில் தரைக்கு மேலே ஒரு கல் தோரணவாயில் மட்டும் தெரியும். அதற்குள் நுழைந்தால் படிகள் பூமிக்குள் இறங்குகின்றன. அடியில் கிணறு, கிணற்றைச் சுற்றித் தூண்கள் வைத்த மண்டபம். வருடத்தில் பெரும்பகுதி இந்த மண்டபம் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. விழாவுக்காக நீரை இறைத்துவிடுவார்கள். பெருமாள் உள்ளே இறங்கிக் கிணற்றை வலம்வருவார். அக்கினி நட்சத்திரத்தை ஒட்டி வருகிற நாள் அது. மேலே கத்திரி வெயில் காய, கீழே ஈரக் கல்லின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். தூண் சிற்பத்தைத் தடவிப் பார்த்தால் பாசி கையில் ஒட்டும். ஊர்ப் பையன்களுக்கு இதில் வேறு கணக்கு. சாமி போனபிறகு தண்ணீர் ஊறத் தொடங்குமே, அதற்குள் எத்தனை முறை இறங்கி ஏறலாம் என்பதுதான்.

நடவாவி என்று பெயர்கொண்ட இந்தப் படிக்கிணற்றிலிருந்து கிளம்பிப் பெருமாள் பாலாற்று மணலுக்கு வருவார். அங்கே ஊறல் உற்சவம். மணலில் பள்ளம் எடுத்துப் பந்தல் போட்டு அதற்குள் பெருமாளை எழுந்தருளப் பண்ணுவார்கள். கோடையிலும் பள்ளத்தில் நீர் கசியும் என்பதுதான் அந்தச் சடங்கின் உயிர். பாலாறு வற்றினாலும் மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. கையால் ஒரு முழம் தோண்டி, ஊறிவருகிற முதல் கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்ததைக் குடிக்கிற பழக்கம் இந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு பௌர்ணமி நிலவில் மணல்வெளி முழுக்க ஜனம். படுத்துத் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், தாயக்கட்டம் போடுவார்கள். இதற்கெல்லாம் கோடு கிழிக்க மணலைவிட நல்ல பலகை ஏது?

அந்த மணல்தான் இப்போது பிரச்சினை. பல ஆண்டுகள் நடந்த மணல் குவாரிகளும் திருட்டு லாரிகளும் சேர்ந்து பாலாற்றின் பல இடங்களைக் களிமண் தரைக்கே கொண்டுவந்துவிட்டன. மணல் போன இடத்தில் சீமைக்கருவேலம். மேலே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் கழிவு இன்னொரு பக்கம். அதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடம். ஆற்றுக்கு அது எவ்வளவு பலன் தந்தது என்று கரையில் நின்று பார்த்தால் உற்சாகம் வராது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வருகிற ஆறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். 2021 நவம்பரில் இதில் இருகரை தொட்டு வெள்ளம் வந்தபோது, தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றபோதும், ஜனங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலம் பாலமாக வேடிக்கை பார்க்கப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே ஒரு பொழுதுபோக்காகிவிட்ட நிலை பெருமைப்படத்தக்கதல்ல.

கூரத்தில் பாரதம் வாசித்தவர்

அரக்கோணம் சாலைப் பக்கம், காஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கூரம். ஆதிகேசவப் பெருமாள் கோயில், தையில் அஸ்தத்தன்று கூரத்தாழ்வான் திருநட்சத்திரம், ஏரி, நெல்வயல். சாதாரணமாகத் தெரிகிற இந்தக் கிராமத்துக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் இரண்டு பெரிய இடங்கள் உண்டு. ஒன்று, இங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்புத் திருமேனி நடராஜர்; இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலை உடலுக்குக் குறுக்காக வீசாமல் முழங்காலை மேலே தூக்கி நிற்கும் நடராஜர். இன்னொன்று கூரம் செப்பேடு.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவர வர்மன் வெட்டுவித்தது. வடமொழிப் பகுதியில் சாளுக்கியனோடு நடந்த போர், யானை, குதிரை, ரத்தம் என்று முழங்குகிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் நிதானமாகக் கணக்குப் பேசுகிறது. கூரத்தில் வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற கோயில். பரமேசுவர தடாகம் என்ற ஏரி. பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டிய பெரும்பிடுகுக் கால்வாய். பிறகு, கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்து யார் யாருக்கு எது என்கிறது. அதில் ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொண்டுவருபவருக்கு. ஒரு பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு.

இதை முதல்முறை படித்தபோது நான் நின்றுபோனது இந்த இடத்தில்தான். பக்தி, புண்ணியம், கல்வி என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி. சாயங்காலம் ஊர் கூடி உட்கார்ந்து கதை கேட்பதற்கு அரசன் நிலம் எழுதிவைத்திருக்கிறான். தண்ணீருக்கு ஏரி வெட்டியதைச் சொன்ன அதே ஏட்டில், அதே மூச்சில். குடிக்கத் தண்ணீரும் கேட்கக் கதையும் ஊருக்கு வேண்டியவை என்று 1,300 ஆண்டுகளுக்கு முன் முடிவுசெய்த நிர்வாகம் அது. இன்றைய பஞ்சாயத்து பட்ஜெட்டில் இரண்டாவதுக்கு என்ன தலைப்பு இருக்கிறது?

இங்கேயிருந்து பாலாற்றைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனால் திருமுக்கூடல் கல்வெட்டு. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தது. பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவசாலையும் மாணவர் விடுதியும் அங்கே நடந்ததைச் சொல்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். வார விடுமுறையின் சுகத்தைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது!

படுகளம்

கூரத்து மண்டபத்தில் வாசித்த பாரதம் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவே இல்லை. காஞ்சி, செய்யாறு, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் கோடை தொடங்கினால் சுவரெங்கும் ‘அக்னி வசந்த விழா’ போஸ்டர்தான். திரௌபதி அம்மன் கோயிலில் மதியம் பாரதச் சொற்பொழிவு, இரவு தெருக்கூத்து. இப்படி இருபது நாள் வரை போகும். இது வெட்டவெளிக் கலை. மேடை என்பது களம், ஊரே அரங்கு.

பகாசுரன் வதத்தன்று பீமன் மாட்டுவண்டி நிறையச் சோற்றோடு தெருத்தெருவாக வருவான். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். அர்ச்சுனன் தபசன்று உயர்ந்த பனைமரக் கம்பத்தில் கூத்தாடி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் கீழே விழும். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரத்துணியோடு அடியில் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனை வீட்டை விடப் பெரிதாக அடித்து, வண்ணம் பூசி, மீசை முறுக்கி வைத்திருப்பார்கள். காலையிலிருந்து வந்து வந்து பார்த்துப்போவார்கள். பீமனும் துரியோதனனுமாக வேஷம் கட்டியவர்கள் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன் மேலேறியும் சண்டையிட, தொடையில் கதை விழும். திரௌபதி கூந்தல் முடிவாள். சண்டை முடிந்த அடுத்த நொடி ஜனம் பாய்ந்து, துரியோதனன் உடம்பு மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளிப்போகும். நெல் குதிரில் போட்டால் விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. சாயங்காலம் தீமிதி.

இந்தக் கூத்தில் புரிசை கிராமத்துக்குப் பெரிய பெயர். புரிசை கண்ணப்ப தம்பிரான் கூத்தைச் சென்னை நாடக மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார். காஞ்சிக்கு மிக அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-இல் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் முன்நின்று தொடங்கியது. 2002 முதல் 2020 வரை அங்கே நடந்த குருகுலத்தில் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்றுத்தந்தார்கள். பெண் பிள்ளைகளும் கற்றார்கள் என்பதுதான் முக்கியம். காலங்காலமாக ஆண்களே திரௌபதி வேஷம் கட்டிய களத்தில், பெண்ணே கட்டை கட்டி வீரனாக இறங்கினாள்.

பெண்களின் பொழுதைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மேலே வந்த சீட்டாட்டத்திலும் கிணற்று விளையாட்டிலும் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள் என்பதை வாசகிகள் கவனித்திருப்பார்கள். தறியில் துணை, தார் சுற்றுவது, பிறகு சமையல் என்று இருப்பவளுக்கு ‘வெளியே’ என்பது கோயில் பெயரைச் சொன்னால் மட்டும் திறந்தது. மாட்டுப் பொங்கல் விடியலில் குளக்கரையிலோ மாடியிலோ மஞ்சள் இலை விரித்து வண்ணச்சோறு வைக்கும் கணுப்பிடியும், பார்வேட்டையும் அதனால்தான் அவர்களுக்குப் பெரிய நாட்கள். மலையேறப் போகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி வரும். பெருமாள் போகிறார், நானும் போகிறேன் என்றால் ஒரு கேள்வியும் வராது.

மலைப்பக்கம் போகிறவர்கள்

இளைஞர்கள் இன்று வேறு திசையில் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகள் வந்தபிறகு நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு ஷிப்டு உண்டு, வார ஆஃப் உண்டு, பைக் உண்டு. சனிக்கிழமை இரவு நாலு பைக் சேர்ந்தால் விடியலில் ஏலகிரி. சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர். மேலே புங்கனூர் ஏரியில் படகு. இன்னும் துணிந்தவர்கள் ஜவ்வாது மலைக்குப் போகிறார்கள். ஜமுனாமரத்தூரில் கோடைவிழா, பீமன் அருவி, சாமைச் சோறு, தேன். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி. ஜவ்வாதின் பள்ளத்தாக்குகளில் வாழும் மலையாளி இனப் பழங்குடிகளுக்கு இந்தக் கூட்டம் கொஞ்சம் வியாபாரம், நிறையக் குப்பை.

அந்த ஜவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. இறங்கி வந்து பாலாற்றோடும் வேகவதியோடும் சேருகிற இடம் பழையசீவரம் மலையடிவாரம், திருமுக்கூடல். அதாவது பையன்கள் பைக்கில் தேடிப்போகிற மலைத்தண்ணீர் அவர்கள் பாட்டன் கட்டுச்சோறு பிரித்த இடத்துக்கே வந்து சேர்கிறது. மூன்றில் மோசமான நிலையில் இருப்பது வேகவதி. காஞ்சி நகருக்குள் நுழைந்து ஆக்கிரமிப்பிலும் சாக்கடையிலும் அகப்பட்டு வெளியேறுகிறது. கோயில் நகரத்தின் உள்ளூர் ஆறு ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஒன்றாக இருக்கும்போது, பூங்காவுக்கு வண்ண விளக்குப் போடுவதில் அர்த்தம் இல்லை.

ஏரிகளின் கதையும் அப்படித்தான். பம்பு செட்டில் குளிப்பது, நுங்கு வெட்டித் தின்றுவிட்டு அதிலேயே வண்டி செய்து உருட்டுவது, கரையில் கில்லி, வற்றிய ஏரியில் கிரிக்கெட், பொங்கலுக்குக் கபடியும் உறியடியும். எல்லாமே ஏரியைச் சுற்றித்தான். ஏரிக்காக ஊரே வாதாடியதும் உண்டு: செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளைச் சுடக் கூடாது என்று கிராமத்தார் வாதாடி 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரி இன்று ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்தின் எல்லைக்குள்ளும் ஏரிகள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். நிலத்துக்கு இழப்பீடு பேசுவார்கள். பையன்கள் நீச்சல் கற்ற மடைக்கும் கூத்து ஆடிய திடலுக்கும் என்ன விலை போடுவார்கள் என்று எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது.

காசு கட்டி நுழையும் கேளிக்கைப் பூங்காக்களுக்கு எதிராக எழுதுவது என் நோக்கமல்ல. அவற்றுக்கு முதலாளி இருக்கிறார், பார்த்துக்கொள்வார். ஏரிக்கும் ஆற்றுக்கும் கூத்துத் திடலுக்கும் ஊராட்சியும் வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும்தான் ஆள். இவர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஏரிக்கரையை நடக்கிற மாதிரி வைத்திருக்கட்டும். சவுடு எடுத்த பள்ளங்களைச் சரிசெய்யட்டும். நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் மூழ்கிப்போவது இந்தத் திடீர்ப் பள்ளங்களில்தான். பார்வேட்டைக்கும் ஊறலுக்கும் பெருமாள் வருகிற மணல்திட்டுகளில் லாரிச் சக்கரம் படாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

வருகிற மாட்டுப் பொங்கலுக்குப் போக நினைப்பவர்களுக்கு: காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு ஊரிலிருந்தும் பேருந்து உண்டு, வாலாஜாபாத் தாண்டிப் பழையசீவரத்தில் இறங்கிக்கொள்ளலாம். காலையிலேயே போய்விட்டால் வெயிலுக்கு முன் மலையேறலாம். மாலைவரை இருந்தால் பெருமாளோடு சேர்ந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடலும் பார்க்கலாம், அந்தக் கல்வெட்டையும் பார்க்கலாம். அங்கே பாலாற்றில் இருக்கும் தடுப்பணைப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள், ஆழம் தெரியாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், இலையில்.